ஒலிப்பதிவு என்ற வரி

படம் முடிந்து பெயர்கள் ஓடத் தொடங்கியதும் எனக்கு முன்வரிசையில் இருந்த ஒரு பிள்ளை போனை உயர்த்தி வீடியோ எடுக்கத் தொடங்கினாள். பதினாறு பதினேழு வயதிருக்கும். பக்கத்தில் அவளுடைய அம்மா. வெள்ளவத்தையில் ஒரு சின்ன மண்டபம் அது, நூறு பேருக்குமேல் இருக்கமுடியாது. நடிகர்களின் பெயர்கள் வந்தன, கைதட்டினார்கள். ஒளிப்பதிவு, படத்தொகுப்பு, இசை எல்லாம் வந்தன. ‘ஒலி வடிவமைப்பு’ என்ற வரியில் என் பெயர் வந்தது, பின்னாலிருந்து யாரோ தோளில் தட்டினார்கள். பிறகு நன்றிப் பட்டியல்: வீடு தந்தவர்கள், சாப்பாடு அனுப்பிய கடை, வான் ஓட்டியவர். அந்தப் பிள்ளை கையை இறக்கவேயில்லை. திரை கறுத்து, மண்டபத்தில் லைட் போட்ட பிறகும் சில விநாடிகள் அந்தப் போன் அப்படியே உயரத்தில் நின்றது. அப்புறம்தான் இறக்கிவிட்டு அம்மாவைப் பார்த்தாள். அம்மா ஒன்றும் சொல்லாமல் கைப்பையை எடுத்துக்கொண்டு எழும்பினார். அவர்கள் யாரென்று அப்போது எனக்குத் தெரியாது. வெளியே படிக்கட்டில் அந்தத் தம்பி அவர்களோடு நின்றதைக் கண்டபோதுதான் விளங்கியது.

தம்பி என்று நான் சொல்வது அந்தப் படத்தின் படப்பிடிப்பில் 11 நாளும் ஒலிப்பதிவு செய்தவரை. கொட்டாஞ்சேனைக்காரர், 23 வயது. மைக்கும் அவர்தான், மைக்கை நீட்டிப் பிடிக்கும் கம்பான பூமும் அவர்தான், ரெக்கார்டரும் அவருடைய தோளில்தான். அவருடைய பெயர் திரையில் எங்குமே வரவில்லை. இங்கேயும் நான் எழுதவில்லை, ஏனென்றால் கேட்டபோது அவர் சொன்னார்: “பேரு படத்துல வரட்டும் அண்ணா, கட்டுரையில வேணாம்.”

நான்கு மாதமாகிவிட்டது. அந்தப் போன் உயரத்தில் நின்றது மட்டும் மனதைவிட்டுப் போகவில்லை.

சூன் பாண் வந்த காட்சி

படத்தைப் பற்றி இரண்டு வரி. காலி வீதிக்கும் மரைன் டிரைவுக்கும் நடுவில் ஓடும் ஓர் ஒழுங்கையில், அனெக்ஸ் வீடொன்றில் தனியாக இருக்கும் தாய். வெளிநாட்டில் மகன். நாற்பது நிமிடமும் அநேகமாக அந்த வீட்டுக்குள்தான். கரையோர ரயில் பாதை கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. காகம், முச்சக்கரவண்டி, மேல்வீட்டுத் தண்ணீர் மோட்டர். இப்படியான ஒரு வீட்டில் வசனத்தை டப்பிங் இல்லாமல் நேரடியாகப் பதிவது என்று இயக்குநர் தீர்மானித்தது நல்ல தீர்மானம்தான். அந்தத் தீர்மானத்தின் பாரம் முழுவதையும் சுமந்தவர் இந்தத் தம்பி.

படப்பிடிப்புக்கு நான் போகவில்லை. என்னுடைய வேலை அதற்குப் பிறகு தொடங்குவது: வசனங்களை வெட்டி ஒட்டுவது, மற்றச் சத்தங்களைச் சேர்ப்பது, கடைசியில் எல்லாவற்றையும் கலந்து கொடுப்பது. ஆனால் இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும், ஒருவருடைய பதிவுகளோடு ஆறு வாரம் இருந்தால் அந்த ஆளைப் பழகியதுபோல்தான். ஒவ்வொரு டேக்குக்கு முன்னும் மெல்லிய குரலில் அவர் சொல்வது பதிந்திருக்கும்: “சீன் பன்னிரண்டு, ஷொட் மூன்று, டேக் ரெண்டு. பிரிஜ் ஓஃப். ஃபேன் ஓஃப்.” ரயில் வந்தால், “ரயில் போகுது, கொஞ்சம் நில்லுங்க” என்று யாரோ பெரியவரிடம் கெஞ்சுவது கேட்கும். இரைச்சல் பதியாமலிருக்கப் பிரிஜ்ஜை நிறுத்தினால் தன்னுடைய மோட்டார்சைக்கிள் திறப்பை அதற்குள்ளேயே வைத்துவிடுவாராம். திறப்பை எடுக்காமல் வீட்டுக்குப் போகமுடியாது, எடுக்கும்போது பிரிஜ்ஜைத் திரும்பப் போட மறக்கமாட்டார், அந்த வீட்டுக்காரரின் மீனும் இறைச்சியும் கெடாது. இந்த வழக்கம் உலகம் முழுக்க லொகேஷன் ஒலிப்பதிவாளர்களிடம் உண்டு. இவருக்கு யார் சொல்லிக்கொடுத்தார்களோ தெரியாது.

பன்னிரண்டாவது காட்சிதான் படத்தின் உயிர். மகன் போனில் சாப்பிட்டீர்களா என்று கேட்கிறான், அடுப்பே மூட்டாத தாய் “நான் சாப்பிட்டன்” என்கிறார். அவ்வளவுதான் வசனம். நடித்த அம்மாவின் முகம் மிக நன்றாக அமைந்த டேக்கில், சரியாக அந்த இரண்டு சொல்லின்மேல், ஒழுங்கைக்குள் சூன் பாண்காரர் வந்துவிட்டார். கொழும்பில் இருப்பவர்களுக்கு விளக்கத் தேவையில்லை: பாண் விற்கும் முச்சக்கரவண்டி, ஸ்பீக்கரில் பீத்தோவனின் ‘ஃபியூர் எலீஸ்’. ஹோர்ன் சத்தமென்றால், காகமென்றால், ஏதாவது செய்து தேய்த்துவிடலாம். ஒரு மெட்டை அப்படிச் செய்யமுடியாது. மெட்டு அடியில் ஓடிக்கொண்டிருக்கும்போது வசனத்தை எந்த இடத்தில் வெட்டினாலும் மெட்டும் அங்கே துள்ளும், காது உடனே பிடித்துவிடும். வெளிச்சம் போகிறது என்று எல்லோரும் அடுத்த ஷொட்டுக்குப் போய்விட்டார்கள். பதிவில் கதிரைகள் இழுபடுவது கேட்கிறது, யாரோ தேத்தண்ணி கேட்கிறார்கள். அதற்குள் தம்பியின் குரல்: “ஆன்ட்டி, ஒரு நிமிஷம் இருங்க. கெமரா வேணாம். அதே மாதிரி இன்னொரு தடவ சொல்லுவீங்களா?” ஜன்னல் சாத்தும் சத்தம். அந்த அம்மா மூன்று தரம் சொல்கிறார். மூன்றாவதில், ‘நான்’ என்பதற்கும் ‘சாப்பிட்டன்’ என்பதற்கும் இடையில் ஒரு சின்ன மூச்சு. பிறகு தம்பி எல்லோரையும் பேசாமல் நிற்கச் சொல்லி, அந்த அறையின் வெறும் அமைதியை ஒரு நிமிடம் பதிந்துவைத்திருக்கிறார்.

படத்தில் நீங்கள் கேட்பது அந்த மூன்றாவது. வாயசைவோடு பொருத்தி, அடியில் அவர் பதிந்த அந்த அமைதியைப் பரப்பி வைத்தேன். ஒரு பின்னேர வேலை. திரையிடல் முடிந்து கேள்வி பதில் நடந்தபோது ஒருவர் எழும்பி, அந்த இரண்டு சொல்லும் காதுக்குள் சொன்னதுபோல இருந்ததே, எப்படிச் செய்தீர்கள் என்று கேட்டார். மைக்கை என்னிடம் தந்தார்கள். நான் பதில் சொன்னேன். அறையின் தொனி, குரலின் நெருக்கம் என்று இரண்டு நிமிடம் கதைத்தேன். தம்பி கடைசி வரிசையில் நின்றுகொண்டிருந்தார். அவருடைய பெயரை நான் சொல்லவில்லை. மறைக்கவேண்டும் என்று நினைத்துச் செய்ததல்ல, அந்தக் கணத்தில் அவர் என் நினைவிலேயே வரவில்லை. இதைத்தான் என்னால் இன்றுவரை சரியென்று எடுத்துக்கொள்ள முடியாமல் இருக்கிறது.

என்னுடைய ‘சரி’

அன்று இரவு இயக்குநருக்குப் போன் எடுத்தேன். அவர் அதிர்ந்துபோனார். “போட்டனாங்கள் தானே! பட்டியலில கிடந்தது!” என்றார். உண்மைதான், முதல் பட்டியலில் இருந்திருக்கிறது. நடந்தது என்ன என்று அடுத்தநாள்தான் பிடிபட்டது. பட்டியலில் ‘ஒளிப்பதிவு’ என்று ஒரு வரி, கெமரா செய்தவரின் பெயருடன். அதற்கு மூன்று வரி தள்ளி ‘ஒலிப்பதிவு’ என்று ஒரு வரி, தம்பியின் பெயருடன். எழுத்துகளைத் திரைக்குத் தட்டச்சுச் செய்தவர் இரண்டாவதையும் ‘ஒளிப்பதிவு’ என்றே அடித்துவிட்டார். சரிபார்த்தவர், ஒரே வரி இரண்டு தரம் வந்திருக்கிறது, அதுவும் வேறு பெயரோடு, ஏதோ பிழை என்று இரண்டாவதை எடுத்துவிட்டார். ஒலிக்கு ஆள் இல்லையே என்ற சந்தேகம் அவருக்கு வந்திருக்கவேண்டும். வரவில்லை, ஏனென்றால் ‘ஒலி வடிவமைப்பு’ என்று என் பெயர் அங்கே பெரிதாக நின்றது. ஒலிக்கு ஆள் இருக்கிறதே!

ல, ள. நம்முடைய மொழியில் சத்தத்துக்கும் வெளிச்சத்துக்கும் இடையில் இருப்பது இந்த ஓர் எழுத்துத்தான். யாழ்ப்பாணத்துப் பேச்சில் ழகரமும் ளகரமும் கலந்தாலும் லகரம் தனியாகத்தான் நிற்கும், காதால் கேட்டால் யாருக்கும் குழப்பமில்லை. ஆனால் கண் வேகமாகப் போகும்போது இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரிகின்றன. தமிழில் படம் செய்யும் எல்லோரும் ஒரு தடவையாவது இந்த இடறலைக் கண்டிருப்பார்கள். நானும் கண்டிருக்கிறேன். கண்டிருந்தும் பார்க்கவில்லை.

பார்க்கவில்லை என்றா சொன்னேன்? பழைய செய்திகளைத் தேடிக்கொண்டு வாட்ஸ்அப் குழுவில் மேலே மேலே போனேன். திரையிடலுக்கு நான்கு நாள் முன்பு, இரவு 10.42க்கு, இறுதிப் பட்டியலின் படம் வந்திருக்கிறது. “எல்லாரும் உங்கட பேரைப் பாத்துச் சொல்லுங்கோ.” அதற்குக் கீழே 10.44க்கு என்னுடைய பதில்: “சரி.” என் பெயரைப் பார்த்தேன், முதலெழுத்துச் சரியாக இருந்தது, என் வரி சரியாக இருந்தது. இரண்டு நிமிடம். அந்தப் படத்தின் ஒவ்வொரு நொடியையும் அவர் பதிந்ததிலிருந்து எடுத்துக் கட்டியவன் நான். அவருடைய வரி இல்லையென்று அந்தப் பட்டியலைப் பார்த்ததும் கண்டுபிடிக்கவேண்டிய ஒரே ஆளும் நான்தான். தம்பி அந்தக் குழுவிலேயே இல்லை. படப்பிடிப்பு முடிந்ததும் அந்தக் குழுவை மூடிவிட்டு, பிற்தயாரிப்புக்கு வேறு குழு தொடங்கியிருந்தார்கள். இது எல்லாப் படத்திலும் நடப்பது. படப்பிடிப்பில் இருந்தவர்கள் கடைசிப் பட்டியலைப் பார்ப்பதேயில்லை.

அந்த ‘சரி’யைப் பார்த்துக்கொண்டு நெடுநேரம் இருந்தேன். தட்டச்சுச் செய்தவரையும் சரிபார்த்தவரையும் குறைசொல்ல மனம் வரவில்லை. அவர்கள் சம்பளமில்லாமல் உதவிக்கு வந்த பிள்ளைகள்.

வடிவமைப்பு, பரிபாலனம், ரீரெக்கார்டிங்

இதற்குப் பிறகுதான் எனக்குத் தரப்பட்ட பட்டத்தைப் பற்றி யோசித்தேன். ‘சவுண்ட் டிசைனர்’ என்ற பெயர் எங்கிருந்து வந்தது என்பது தொழிலில் உள்ள எல்லோருக்கும் தெரிந்த கதை. 1969இல் அமெரிக்க இயக்குநர் கொப்போலாவின் ‘தி ரெயின் பீப்பிள்’ படத்தில் வேலைசெய்த வால்டர் மர்ச் ஹொலிவூட் தொழிற்சங்கத்தில் இல்லாததால் வழக்கமான பட்டத்தைப் போடமுடியவில்லை. ‘சவுண்ட் மொன்டாஜ்’ என்று போட்டார்கள். பத்து வருடம் கழித்து, 1979இல், ‘அபோகலிப்ஸ் நவ்’ படத்தில்தான் அவர் ‘சவுண்ட் டிசைன்’ என்ற சொல்லுக்கு வந்தார். பார்வையாளரைச் சுற்றியிருக்கும் ஸ்பீக்கர்களுக்குள் எந்தச் சத்தம் எங்கே இருந்து எங்கே போகும் என்று திட்டமிட்ட வேலை அது. ஓர் அறைக்குள் எதை எங்கே வைப்பது என்று தீர்மானிப்பவரைப்போலத் தன்னை நினைத்துக்கொண்டார். அந்தச் சொல்லுக்குப் பின்னால் அப்படியொரு குறிப்பான வேலை இருந்தது. இங்கே கொழும்பில், ஒரு ஃபிளாட்டின் பின்னறையில் ஒரு ஆள் தனியே இருந்து வசனமும் வெட்டி, சத்தமும் போட்டு, கலந்தும் கொடுத்தால் அவர் டிசைனர். கௌரவமாகத்தான் தருகிறார்கள், நானும் கௌரவமாகத்தான் வாங்கினேன். ஆனால் அந்தப் பட்டம் பெரிதாகப் பெரிதாக, அதற்குக் கீழே நிற்பவர்கள் தெரியாமல் போகிறார்கள். இந்தப் படத்தில் நடந்தது அதேதான்.

வேறு சொற்களும் நம்மைக் கைவிடுகின்றன. ஆங்கிலத்தில் கடைசியாக எல்லாவற்றையும் கலப்பவரை ‘ரீரெக்கார்டிங் மிக்ஸர்’ என்பார்கள். தமிழ் சினிமாவில் ரீரெக்கார்டிங் என்றால் பின்னணி இசை. பல வருடத்துக்கு முன் ஒரு படத்தில் எனக்கு ரீரெக்கார்டிங் என்று போட்டுவிட்டார்கள். இசையமைத்தவர் உண்மையிலேயே மனம் நொந்து எனக்குப் போன் எடுத்தார். அவருடைய பக்கம் முழு நியாயம். ஆங்கிலத்தின் ‘புரொடக்‌ஷன் சவுண்ட் மிக்ஸர்’ இன்னும் சிக்கல்: அது படப்பிடிப்பில் பதிபவரின் பெயர். அதை அப்படியே ‘ஒலிக்கலவை’ என்று தமிழில் மாற்றினால், கடைசியில் கலப்பவர் என்றாகி ஆளே மாறிவிடும்.

சிங்களப் படங்களிலும் தொலைக்காட்சி நாடகங்களிலும் ‘சப்த பரிபாலனய’ என்று போடுவார்கள். சின்ன வயதில் ரீவியில் அதைப் பார்க்கும்போதெல்லாம் கோயில் ஞாபகம்தான் எனக்கு. நமக்குப் பரிபாலனம் என்றால் ஆலய பரிபாலன சபை. ஒன்றைக் காத்து, பராமரித்து, ஒழுங்காக நடத்துவது. இப்போது யோசித்தால், பிரிஜ்ஜை நிறுத்தி, திறப்பை உள்ளே வைத்து, ரயில் போகும்வரை எல்லோரையும் நிற்கவைத்து, கெமரா போன பிறகும் ஒரு வசனத்தைக் காப்பாற்றிய ஆளுக்கு இதைவிடப் பொருத்தமான சொல்லைத் தமிழில் நாம் இன்னும் கண்டுபிடிக்கவில்லை என்றுதான் தோன்றுகிறது.

காலடிச் சத்தம், உடுப்பின் சரசரப்பு எல்லாவற்றையும் படத்தைப் பார்த்துப் பார்த்துச் செய்யும் கலைக்கு ‘ஃபோலி’ என்று பெயர். யூனிவர்சல் ஸ்டூடியோவில் இருந்த ஜாக் ஃபோலி என்பவரின் பெயர் அது. அவர் 1967இல் இறந்தார். உயிரோடிருந்த காலத்தில் இந்த வேலைக்காக அவருடைய பெயர் திரையில் வந்ததில்லை என்பார்கள். தொழிலுக்கே பெயராகிவிட்ட மனிதரின் கதை இது. நம்முடைய பக்கத்தில் நிலைமை இதைவிட வலியானது. 1983 ஜூலையில் ஹெந்தளை விஜயா ஸ்டூடியோவை எரித்தபோது படங்களின் நெகட்டிவ்களும் எரிந்தன. நடிகர்களையும் பாட்டுகளையும் எப்படியோ ஞாபகம் வைத்திருக்கிறோம். பெயர் ஓடும் சுருள் போய்விட்டால், மைக்கைப் பிடித்தவரை எங்கே போய்த் தேடுவது?

விருதுகள் கொடுப்பவர்களுக்கும் இது எப்போதும் பிடிபடுவதில்லை. இந்தியாவின் தேசிய விருதுகளில் 2009ஆம் ஆண்டுப் படங்களிலிருந்து ஒலிக்கான விருதை மூன்றாகப் பிரித்தார்கள், படப்பிடிப்பில் பதிந்தவருக்குத் தனியாக ஒன்று. 2020ஆம் ஆண்டுப் படங்களுக்கான விருதில் அந்தத் தனி விருது ‘டொள்ளு’ என்ற கன்னடப் படத்துக்குப் போனது. அது டப்பிங் செய்த படம், நேரடி ஒலிப்பதிவே இல்லை என்று அதன் ஒலி வடிவமைப்பாளரே வெளியில் சொன்னார். 2022ஆம் ஆண்டுப் படங்களிலிருந்து மறுபடி ஒன்றாக்கி, ‘ஒலி வடிவமைப்பு’ என்று ஒரே விருதாக்கிவிட்டார்கள். ஒஸ்காரிலும் 2020இல் இரண்டு ஒலி விருதுகளை ஒன்றாக்கினார்கள். ஆனால் அங்கே ஒரு விஷயத்தைக் கவனித்தேன். ஒன்றாக்கிய பிறகு முதலில் அந்த விருதை வாங்கிய ‘சவுண்ட் ஒஃப் மெட்டல்’ படத்துக்கு ஐந்து பேரின் பெயர்கள். அவர்களில் ஒருவர் பிலிப் பிளாட், படப்பிடிப்பில் பதிந்தவர். விருது ஒன்றோ மூன்றோ, அது எனக்குப் பெரிதில்லை. களத்தில் நின்றவரின் பெயர் அந்த ஐந்தில் ஒன்றாக இருந்தது, அதுதான்.

என் அப்பா இலங்கை வானொலியில் நாடகம் கேட்பார். நாடகம் முடிந்ததும் நான் எழும்பப் போனால் கையைக் காட்டி இருத்துவார். எழுதியவர், நடித்தவர்கள், தயாரித்தவர், பிறகு ஒலிப்பதிவு செய்தவர் என்று அறிவிப்பாளர் வாசித்து முடியும்வரை வானொலிப் பெட்டியை மூட விடமாட்டார். அந்தப் பெயர்களைக் காதால் கேட்டோம். எழுத்துப் பிழைக்கு அங்கே இடமில்லை.

திருத்தியது

படத்தின் கடைசி இரண்டு நிமிடத்தை மறுபடி செய்வது என்று முடிவாகியது. இயக்குநர் ஒரு வார்த்தை மறுத்துச் சொல்லவில்லை. என்னுடைய வரியையும் மாற்றச் சொன்னேன்: ‘வசனத் தொகுப்பு, ஒலிக்கலவை’. அதற்குத்தான் அவர் தயங்கினார். “டிசைனர் எண்டு கிடந்தா உங்களுக்குத்தானே அண்ணை நல்லது?” என்றார். நான் செய்தது தொகுப்பும் கலவையும்தான், செய்ததைப் போடுங்கள் என்றேன். தம்பிக்கு ‘படப்பிடிப்புத் தள ஒலிப்பதிவு’ என்று முழுசாகப் போடலாம், அப்போது ஒளியோடு குழம்பாது, என்ன வேலை என்பதும் துல்லியமாக விளங்கும் என்று நான் ஒரு பட்டியல் எழுதினேன். சந்தோஷப்படுவார் என்று நினைத்து அவருக்கு அனுப்பினேன்.

இரண்டு நாள் பதில் இல்லை. பிறகு ஒரு குரல்பதிவு வந்தது. பின்னால் பஸ் ஸ்டாண்டின் இரைச்சல், ஆனால் குரல் தெளிவு. போனை வாய்க்கு எவ்வளவு கிட்டப் பிடிக்கவேண்டும் என்று தெரிந்தவர். “அண்ணா, தளம் எல்லாம் வேணாம். ஒலிப்பதிவுன்னு மட்டும் போடுங்க. வீட்ல அம்மாக்கிட்ட நான் ஒலிப்பதிவு செய்றேன்னுதான் சொல்லி வச்சிருக்கேன். வேற மாதிரி இருந்தா அவங்களுக்கு நான்தான்னு வெளங்காது.”

துல்லியம் வேண்டும் என்று இவ்வளவு எழுதுபவன் நான். அவர் கேட்டதைத்தான் போட்டோம். ஒலிப்பதிவு, கீழே அவர் பெயர், அப்பாவின் முதலெழுத்தோடு. ஒளிப்பதிவும் அதுவும் திரையில் ஒரே சட்டத்தில் (ஃபிரேமில்) வராதபடி இடையில் வேறு பெயர்களை வைத்தோம். லகரத்தை நானும் இயக்குநரும் தனித்தனியே பார்த்தோம், பிறகு தம்பியையும் பிற்தயாரிப்புக் குழுவில் சேர்த்து அவரையும் பார்க்கச் சொன்னோம். இப்போது வேலைக்கு ஒத்துக்கொள்ளும்போதே, முன்பணம் பேசுவதற்கு முன், ஒலியில் யார் யார், ஒவ்வொருவருக்கும் என்ன வரி என்று ஒரு தாளில் எழுதி வாங்குகிறேன். அதற்கு ஐந்து நிமிடம்கூட ஆகாது.

முதல் பிரதி ஏற்கனவே இரண்டு திரைப்பட விழாக்களுக்குப் போயிருந்தது. புதிய பிரதியை மாற்றிக்கொள்ளச் சொல்லி இரண்டுக்கும் எழுதினோம். ஒன்றிலிருந்து அடுத்தநாளே மாற்றிவிட்டோம் என்று பதில் வந்தது. மற்றதிலிருந்து இன்னும் இல்லை. திரையிடல் அடுத்த மாதம் 14ஆம் திகதி. மூன்றாவது தரமும் நேற்று இரவு எழுதியிருக்கிறேன், இந்தத் தடவை அந்த ஒரு சட்டத்தின் படத்தையும் இணைத்து.